மேசைத்துணிக்குக் கீழே தர்மிளா எடுத்த செய்திகள்

தர்மிளா வென்றவற்றை ஒழுங்காகச் சொல்வதானால் கடாவில் இருந்து தொடங்க வேண்டும். கறுத்தக் கடா, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நிறை இருபத்திரண்டு கிலோ. கிடைத்தது 2023ஆம் ஆண்டு சித்திரை மாதம் 16ஆம் திகதி. அடுத்த சித்திரையில் அது முப்பத்தொரு கிலோவாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். கடாவுக்குப் பிறகு, முள்ளிவாய்க்கால் மெல்ரொன் ஐஸ் பெட்டியில் அனுப்பிய நாலு கிலோ இறால். அவனும் தர்மிளாவைப் போலக் காது கேளாத வானொலிப் பிரியன். இந்தக் கதை எல்லாம் வெளியே தெரிந்த பிறகு, தர்மிளா செய்து கொடுத்த அதிர்வு வளையத்தால் முதன்முதலில் ஒரு செய்தி எடுத்த சந்தோசத்தில் அனுப்பினான். பிறகு, அறுபத்தொரு வயது மனிதர் ஒருவர் தன் கதிரையில் இருந்து தானாக எழுந்தது. கடைசியாக, கிளிநொச்சி வானலை ஆர்வலர் வட்டத்தின் செய்திப் பதிவேட்டில் ஒரு கட்டம். நீளம் இரண்டு அங்குலம், உயரம் கால் அங்குலம்.

கடாவை வெல்ல ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. அந்தக் கட்டத்தை வெல்ல எட்டு மாதமும் ஒரு நாளும் பிடித்தன.

அளவுகள் எல்லாம் அக்கா ராஜினி எடுத்தவை. அவள் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையலுக்குப் போனவள். ஸ்கந்தபுரத்தில் வாய்க்காலோரம் மூன்றாவது வீட்டின் முன் அறையில் அவளுடைய மெஷினும், துணி வெட்டும் பெரிய மேசையும் இருக்கின்றன. அவள் எடுத்த அளவு பிசகியதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. தகப்பன் சுடலைமுத்து தாயின் இடுப்பில் இருந்தபடி மலைநாட்டில் இருந்து வந்தவர். அடுத்தவர் வயலிலும் தன் அரை ஏக்கரிலும் மாறி மாறி நிற்பவர். தர்மிளா ராஜினிக்கு ஏழு வயது இளையவள். பிறவியிலேயே காது கேட்காது. யாழ்ப்பாணத்தில் காது கேளாதோர் விடுதியில் தங்கி ஆறு வருடம் படித்துச் சைகை மொழியோடு திரும்பி வந்தாள். வந்ததும் அதை அக்காவுக்கும் பழக்கினாள். அங்கேதான் வினை தொடங்கியது.

ராஜினி அளவு நாடாவைப் பிடிப்பாள், தர்மிளா அளவுக் கொப்பியில் எழுதுவாள். பாலர் பாடசாலை ஆசிரியை அருந்ததி ஒருநாள் சட்டை தைக்க வந்து, "இடுப்பு முப்பத்திரண்டு, அளக்கத் தேவையில்ல" என்றார். ராஜினி ஒரு ஒழுங்குக்காக அளந்தாள். நாடா முப்பத்தெட்டு காட்டியது. தர்மிளா நாடாவைப் பார்த்தாள், ஆசிரியையைப் பார்த்தாள், கன்னம் இரண்டையும் உப்பிக் கைகளை அகல விரித்தாள். அந்தச் சைகையை விளங்கிக்கொள்ள ஒருவர் விடுதியில் ஆறு வருடம் படித்திருக்கத் தேவையில்லை. அருந்ததி துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

"வாடிக்கைக்காரருக்கு விளங்காத பாசை ஒண்டு வேணும், இல்லாட்டி கடையைப் பூட்ட வேண்டியதுதான்" என்றாள் ராஜினி.

தர்மிளா அதைத் தன் போனில் தேடிப் பிடித்தாள். மோர்ஸ். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் குறுக்கமும் நீட்டமுமாகச் சில தட்டுகள். போனில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிற மாதிரி, தமிழையே அதில் அனுப்பலாம். தர்மிளா பதினொரு நாளில் படித்து முடித்தாள். ராஜினிக்கு இரண்டு மாதம் ஆனது. அவள் எழுத்துகளைச் சட்டை வெட்டும் காகித அச்சுகளின் பின்புறத்தில் எழுதி, சுவரில் கொழுவி வைத்துப் படித்தாள். பிறகு எல்லாக் கதையும் மேசைக்குக் கீழே நடந்தது. ஒருத்தியின் பாதத்தின் மேல் மற்றவளின் பெருவிரல். சின்ன அமுக்கு, நீண்ட அமுக்கு.

"போன மாசம் தைச்ச சட்டை ஒரு தோய்ச்சலோட சுருங்கிப் போச்சு, ராஜினி" என்று ஒருவர் முறையிடுவார். "அப்பிடியோ அக்கா, பாப்பம்" என்று ராஜினி பணிவாகச் சொல்லுவாள். மேசைக்குக் கீழே தர்மிளாவின் விரல், சட்டை அப்படியேதான் இருக்கிறது, ஆள்தான் ஊதியிருக்கிறா என்று அமுக்கும். "தங்கச்சி பாவம், ஒண்டும் கேக்காமல் பேசாமல் இருக்குது" என்று அதே ஆள் இரக்கப்படுவார். ராஜினி சிரிப்பை அடக்க வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொள்வாள்.

இப்படி ஒரு பாசை கையில், இல்லை, காலில் இருக்கும்போது முன்னூற்றி நாலு விளையாடாமல் இருக்க முடியுமா? அது நாலு பேர் இரண்டு சோடியாக இருந்து ஆடும் சீட்டாட்டம். சோடி எதிரெதிரே இருக்க வேண்டும். கையில் என்ன சீட்டு என்று சோடிக்குக் கண்ணாலோ வாயாலோ காட்டக் கூடாது. காலைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று தர்மிளா கண்டுபிடித்தாள்.

ஊர் விளையாட்டுக் கழகம் சித்திரை வருடத்துக்கு முன்னூற்றி நாலு போட்டி வைத்தது. முதற்பரிசு கடா. ராஜினி கழகத்துக்கு ஆறு மேசைத்துணிகளை இலவசமாகத் தைத்துக் கொடுத்தாள். நாலு பக்கமும் நிலம் வரை தொங்கும் துணி. "எங்கள் ஊரின் தையற் கலைஞர் ராஜினி அவர்களின் தாராள மனதுக்கு நன்றி" என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொன்னார்கள்.

பதினொரு சோடிகளில் இவர்கள் மட்டுமே பெண்கள். முதலில் சிரித்தவர்கள் பின்னேரம் மூன்று மணிக்குச் சிரிப்பை நிறுத்தினார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தவர் கிளிநொச்சியில் ரேடியோ, டீவி திருத்தும் கடை வைத்திருந்த முத்துலிங்கம். மனைவியின் ஊர் ஸ்கந்தபுரம்; வருடப் பிறப்புக்கு வந்திருந்தார். அவருடைய சோடி சகலன் பரமேஸ்வரன்.

முத்துலிங்கத்துக்கு முழங்கால் நோ. ஆட்டத்தின் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை மேசைக்குக் கீழே நன்றாக நீட்டினார். அதே நேரம் ராஜினி தங்கைக்கு ஒரு செய்தி அனுப்பக் காலை நீட்டினாள். ஒரு பாதம் தட்டுப்பட்டது. 'ஆட்டின் ஜாக் என்னட்ட இருக்கு' என்று, தன் கையில் இருந்த இதயம் போட்ட பெரிய சீட்டைப் பற்றி ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக அமுக்கி முடித்தாள். தர்மிளாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முத்துலிங்கத்தின் முகத்தில்தான் இருந்தது. கோயிலில் சாமி கண்ணைத் திறந்து பார்த்ததைக் கண்டவர் மாதிரி இருந்தார்.

அதன் பிறகு அவர் சீட்டைப் பார்த்ததைவிடத் தன் காலைக் குனிந்து பார்த்ததுதான் அதிகம். வைக்கக் கூடாத சீட்டை எல்லாம் வைத்தார். பரமேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார். கடா பெண் பிள்ளைகளுக்குப் போனது.

"அடி புள்ளைகளா, இதை எங்க கட்டப் போறீங்க?" என்றுதான் சுடலைமுத்து கேட்டார். எப்படி வென்றீர்கள் என்று கேட்கவில்லை. அவருக்குத் தன் பிள்ளைகளைத் தெரியும்.

நாலாம் நாள் முத்துலிங்கம் ஒரு காற்சட்டையோடு கடைக்கு வந்தார்.

"பிள்ளை, இதுக்கு இடுப்பைக் கொஞ்சம் விடவேணும்."

ராஜினி அவரையும் அளந்தாள், காற்சட்டையையும் அளந்தாள். "ஐயா, இது உங்களுக்குச் சரியாத்தானே இருக்கு."

"ஓம். காற்சட்டையில பிழை இல்ல. என்ர காலுக்கு ஒரு செய்தி வந்தது. அதைப் பற்றிக் கதைக்கத்தான் வந்தனான்."

ராஜினி வாயில் குண்டூசிகளோடு ஒன்றும் விளங்காதவள் போல நின்றாள்.

"நல்லா அனுப்பினது" என்றார் அவர். "எழுத்துப் பிழை ஒண்டும் இல்ல. ஒரு இடத்தில மட்டும் இடைவெளி காணாது."

"எந்த இடத்தில?" என்றாள் ராஜினி. கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டாள் என்பது அவளுக்கு விளங்கியது. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"கடா உங்களிட்டயே நிக்கட்டும்" என்று முத்துலிங்கம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "நான் ஆருக்கும் சொல்லமாட்டன். எனக்கு ஒரு உதவி வேணும்."

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் வானலை ஆர்வலர் வட்டம் இருக்கிறது. பொழுதுபோக்குக்கு வானொலி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடி மற்ற ஊர்க்காரரோடு தொடர்புகொள்வார்கள். எல்லாரும் வாயால் கதைப்பவர்கள். மோர்ஸ் தெரிந்தவர் முத்துலிங்கம் ஒருவரே. வெள்ளத்தில் போன் கோபுரங்கள் படுத்த வருடம் அவர்தான் இரண்டு நாள் கதிரையை விட்டு எழும்பாமல் செய்தி எடுத்துக் கொடுத்தவர். அந்தக் கதிரையில் அதற்குப் பிறகு வேறு ஒருவர் இருந்ததில்லை.

"இப்ப இரண்டு வருசமா அந்தக் கீச்சுச் சத்தம் எனக்குக் கேக்கிறேல்ல; ஆக்கள் கிட்ட நிண்டு கதைச்சா விளங்கும், ரேடியோவில சுருதியைக் குறைச்சாலும் பிடிபடேல்ல" என்றார். "சும்மா ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, சிக்னல் சரியில்ல எண்டு சொல்லிச் சமாளிக்கிறன். செவிட்டு ரேடியோக்காரன் எண்டு சிரிப்பாங்கள். ஆனா பிள்ளை, அண்டைக்குக் காலில வந்தது ஒரு எழுத்தும் தவறாமல் விளங்கினது. ரேடியோவில வாறதையும் அப்பிடித் தொட்டு எடுக்க எனக்கு உதவுங்கோ."

தர்மிளா அவருடைய வாயசைவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அக்காவுக்குக் கையைக் காட்டினாள்.

"தனக்கு என்ன கிடைக்கும் எண்டு கேக்கிறாள்" என்றாள் ராஜினி.

"அதுதான் கடா கிடைச்சதே."

தர்மிளா தலையை ஆட்டி மறுத்தாள். கதிரை, ஹெட்போன், கொப்பி என்று அங்கே என்னென்ன இருக்கும் என்று ஒவ்வொன்றாக அக்கா மூலம் அவரிடம் விசாரித்தாள். வரும் ஒவ்வொரு செய்தியும் பதிவேட்டில் எழுதப்படும், வரியின் முடிவில் 'எடுத்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று அவர் சொன்னார். தர்மிளா அளவுக் கொப்பியைத் திறந்து எழுதிக் காட்டினாள்: 'அந்தக் கட்டத்தில் என் பெயர்.'

முத்துலிங்கம் சிறிது நேரம் காற்சட்டையை மடித்தார். "மூண்டு மாசம் தா" என்றார். "அதுக்குள்ள நான் காலால எடுக்கப் பழகீடுவன். பிறகு நானே எல்லாருக்கும் சொல்லி உன்ர பேரைப் போடுறன்."

அன்றே வேலை தொடங்கியது. முதலில் தையல்காரர் விரலில் மாட்டும் உறைக்குள், பழைய போனில் இருந்து கழற்றிய அதிர்வு மோட்டாரை தர்மிளா ஒட்டினாள். சிக்னல் வரும்போது விரல் அதிரும். ஆறுதலாக அனுப்பினால் நன்றாக இருந்தது. வேகம் கூடியதும் மோட்டார் நிற்பதற்குள் அடுத்த தட்டு வந்துவிட்டது. குறுக்கங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நீட்டமாகக் கிடந்தன. பிறகு முத்துலிங்கம் பழைய டீவியில் இருந்து ஒரு தட்டையான ஸ்பீக்கரைக் கொண்டு வந்தார். சத்தத்தின் சுருதியை நன்றாகக் குறைத்தார். கீச்சுக் குரல் விரலுக்குத் தெரியாது, தடித்த குரல்தான் தெரியும். தர்மிளா அந்த ஸ்பீக்கரை எம்ப்ராய்டரி வளையத்துக்குள் வைத்து உள்துணி கொடுத்துத் தைத்தாள். வளையத்தைப் பிடித்தால் இரண்டு விரலும் ஸ்பீக்கரின் தோலில் படும். வெளியே பார்ப்பவருக்கு ஒரு பெண் பிள்ளை பூ வேலை செய்கிறாள்.

ஐந்தாவது நாள் அவள் அதில் எடுத்த வேகத்தை முத்துலிங்கம் தன் மணிக்கூட்டை வைத்து இரண்டு தடவை பார்த்தார். அவர் காது கேட்ட காலத்திலும் அந்த வேகத்தை எட்டியதில்லை. அவரோ வளையத்தில் தடுமாறினார். காலில் ஆறுதலாக வந்தால் மட்டும் பிடித்தார்.

ஆகவே ஏற்பாடு இப்படி முடிந்தது. ஞாயிறுகளில் முத்துலிங்கம் ஹெட்போன் போட்டுக் கதிரையில் இருப்பார். பக்கத்துக் கதிரையில் தர்மிளா, வட்டத்தின் பெயரை ஒரு பதாகைத் துணியில் பூ நூலால் தைப்பவளாக இருப்பாள். வளையத்தில் இருந்து வயர் ஒன்று வானொலிப் பெட்டிக்குப் போனது. யாராவது கேட்பார்கள் என்று அவள் வளையத்தின் மேல் ஒரு சின்ன லைட்டைப் பூட்டியிருந்தாள். தையலுக்கு வெளிச்சம் வேண்டுமே. வளையத்தில் அவள் செய்தியை எடுத்து, மேசைக்குக் கீழே அவருடைய காலில் ஆறுதலாக அமுக்குவாள். அவர் எழுதுவார். மேசைக்கு நிலம் வரை தொங்கும் துணி ஒன்றை ராஜினி தைத்துக் கொடுத்தாள். அந்த அளவு அவளுக்குப் பாடம்.

செய்திகள் மழை மாதிரி வந்தன. "முத்துலிங்கம் அண்ணைக்கு இந்த வயசில காது திறந்திட்டுது" என்று வட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

மூன்று மாதம் முடிந்தது. "ஆடி மாசம் பிள்ளை, நல்ல காரியம் தொடங்கக் கூடாது" என்றார் முத்துலிங்கம். ஆடி போனது. "பதிவேடு முடியப் போகுது. புதுக் கொப்பியில போடுவம், அதுதான் வடிவு." புதுக் கொப்பி வந்தது. "முதல் பக்கம் எல்லே, கொஞ்சம் பொறு." ஒவ்வொரு ஞாயிறும் தர்மிளா எடுத்து வந்த கணக்கை ராஜினி அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தாள். நாற்பத்து மூன்று செய்திகள். நாற்பத்து மூன்று கட்டத்திலும் 'மு. முத்துலிங்கம்', கீழே ஒரு சுழிப்பு வேறு.

அதில் ஒன்றையாவது அவர் தானாக எடுத்திருந்தால்கூட ராஜினி பொறுத்திருப்பாள்.

அதற்குள் இன்னொரு வில்லங்கம். செயலாளர் சிவகரன், வங்கியில் வேலை செய்பவன், எதையும் எண்ணிப் பார்க்கிறவன், பதாகையைப் பார்க்கத் தொடங்கினான். வைகாசியில் தொடங்கிய தையல். கார்த்திகை முடிவில் 'கிளிநொ' வரைக்கும் வந்திருந்தது. கூட்டத்துக்கு மேசைத்துணி தோய்த்துக் கொண்டு வந்த ராஜினியை அவன் படிக்கட்டில் பிடித்தான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. ஏழு மாசத்தில மூண்டு எழுத்து. உங்கட கடையில மணப்பொம்பிளைச் சட்டைக்குக் குடுத்தா, பேரப்பிள்ளை பிறந்தாப் பிறகுதான் கலியாணம் முடிக்கலாம் போல."

ராஜினி அன்று பஸ்சில் ஸ்கந்தபுரம் வரும்வரை அந்த மூன்று எழுத்தையே எண்ணிக்கொண்டு வந்தாள். தங்கைக்குப் பெயரும் இல்லை, கடைக்கு இருந்த பெயரும் கெட்டது. வீட்டுக்கு வந்ததும் தங்கையின் முன்னால் நின்று இரண்டு கையாலும் கொட்டித் தீர்த்தாள். இனி அந்த மனுசனிடம் நேரே கேள், இல்லாவிட்டால் நான் போய்க் கேட்கிறேன்.

தர்மிளா கடாவுக்குக் குழை வைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு, கேட்கத் தேவையில்லை, அவரையே சொல்ல வைக்கிறேன் என்று சைகை காட்டினாள். எப்படி என்று சொல்லவில்லை.

மார்கழியில் வட்டத்தின் வருடக் கூட்டம். அன்று திருகோணமலை நண்பர்கள் மோர்ஸில் வாழ்த்துச் செய்தி அனுப்புவார்கள். தமிழ்ச் செய்தி, ஆங்கில எழுத்தில். அதன் சரியான பிரதியை முன்கூட்டியே கடித உறையில் ஒட்டி சிவகரனிடம் கொடுத்துவிடுவார்கள். எடுத்த செய்தியை வாசித்த பிறகு உறையை உடைத்து ஒப்பிடுவது வழக்கம். இருபத்தாறு பேர் கூடியிருந்தார்கள். ராஜினி பின் வரிசையில் இருந்தாள்.

முத்துலிங்கம் புதுக் காற்சட்டை போட்டு வந்திருந்தார். தொடங்கும் முன் சபைக்கு ஒரு பாடமும் நடத்தினார். "மோர்ஸ் எடுக்கிறவன் எழுத்தைத்தான் பாக்க வேணும். சொல்லைப் பாக்கக் கூடாது. கருத்தைத் தேடினா அடுத்த எழுத்துத் தவறிப் போகும். எழுதி முடிச்சாப் பிறகுதான் வாசிக்க வேணும்."

தர்மிளா அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிகவும் பணிவாகத் தலையாட்டினாள்.

செய்தி வந்தது. தர்மிளாவின் விரல்கள் வளையத்தில். முத்துலிங்கத்தின் பேனை தாளில். ராஜினி மேசைத்துணியின் கரையைப் பார்த்தாள். தங்கையின் கால் அசைய அசையத் துணியின் மடிப்பு சின்னதாக, நீளமாக நடுங்கும். தானே மடித்துத் தைத்த கரை, அதை அவளால் வாசிக்க முடியும். முதல் இரண்டு சொல் வரைக்கும் சும்மா இருந்தாள். மூன்றாவது சொல்லில் நிமிர்ந்தாள். ஐந்தாவது சொல்லில் கதிரை நுனிக்கு வந்தாள். எழும்பிப் போய்த் தடுக்கலாமா என்று நினைத்தாள். பிறகு அந்தச் சுழிப்பை நினைத்தாள். அசையாமல் இருந்தாள்.

முத்துலிங்கம் ஹெட்போனைக் கழற்றி, எழுந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார்.

"வணக்கம்... நண்பர்களே. இந்த வருடம்... வந்த... நாற்பத்து மூன்று... செய்தியையும்... எடுத்தவள்..."

எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசிப்பவருக்கு இடையில் நிறுத்த வராது. "...தர்மிளா. ஐயாவுக்கு... காது..."

அங்கே நின்றார்.

சிவகரன் உறையை உடைத்து உள்ளே இருந்ததைப் பார்த்தான். "அண்ணை, இதில அப்பிடி ஒண்டும் இல்லையே. இதில மழையைப் பற்றியெல்லோ இருக்கு."

தர்மிளா பதாகைத் துணியைத் திருப்பிப் பிடித்தாள். ஒரு கை வளையத்தில் இருக்கும்போதே மற்றக் கை பின்புறத்தில் தையல் சுண்ணக்கட்டியால் திருகோணமலைச் செய்தியை முழுக்க எழுதியிருந்தது. முப்பத்தொரு சொல். சிவகரன் தாளையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து மேசைத்துணியைத் தூக்கினான். கீழே முத்துலிங்கத்தின் வெறுங்கால். அதன் மேல் தர்மிளாவின் பெருவிரல்.

யாரோ சிரித்தார்கள். முத்துலிங்கம் காலை இழுத்துச் செருப்புக்குள் நுழைத்தார்.

"துணியை விடு, தம்பி" என்றார். "ஓம். எனக்குக் கேக்கிறேல்ல. இரண்டரை வருசமாச்சு. அவள் எழுதினது எல்லாம் சரி."

"அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் ஆரின்ர கையெழுத்தை நம்பினது?" என்றான் சிவகரன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "வட்டத்தின்ர விதியில, காதால கேட்டு எடுக்க வேணும் எண்டு கிடக்கு. இனி இந்தப் பதிவேடு முழுக்கப் பொய் எண்டுதானே ஆகும். இந்தப் பிள்ளை எடுத்தவ எண்டதுக்கு என்ன சாட்சி? உறையில என்ன கிடக்கெண்டு முன்னமே தெரிஞ்சிருக்கலாம்."

தர்மிளா அவன் வாயைப் படித்து முடித்தாள். ஒரு துண்டில் எழுதி நீட்டினாள்: 'இன்னொன்று அனுப்பச் சொல்லுங்கள். அவர்களின் மனதுக்கு வந்ததை.'

சிவகரன் திருகோணமலைக்குப் போன் எடுத்தான். ஒரு செய்தி மோர்ஸில் அனுப்புங்கள், என்ன என்று எங்களுக்குச் சொல்ல வேண்டாம், பிறகு கேட்டு ஒப்பிடுகிறோம்.

"அப்பிடியெண்டால் அவளின்ர தமக்கையையும் வெளியில விடுங்கோ" என்றார் முத்துலிங்கம். "அவவின்ர கால் பொல்லாத கால். பத்துச் சோடியை வெண்டு கடா கொண்டு போன கால்."

இருபத்தாறு தலையும் பின்னால் திரும்பின. ராஜினி எழுந்து, சேலைக் கரையைச் சரிசெய்து, ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். கடாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்று அந்த நடையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று கிலோ என்றாலும் கூட்டித்தான் கொடுக்க வேண்டும் என்றும் தீர்மானித்தாள்.

படிக்கட்டில் நின்றாள். கதவு பூட்டியிருந்தது. எட்டாம் படியில் ஒரு வெடிப்பு, ஒன்பது அங்குலம் இருக்கும். உள்ளே ஒரு கதிரை பின்னால் இழுபடும் சத்தம் கேட்டது. முத்துலிங்கத்தின் குரல், மெல்ல, "இதில இரு பிள்ளை" என்றது. அவளுக்குக் கேட்காது, என்றாலும் சொன்னார். பிறகு ஒரு சத்தமும் இல்லை. வளையம் சத்தம் போடாது. ராஜினி தன் பெருவிரலால் படியில் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தாள். என்ன எழுத்து என்று அவளுக்கே தெரியாது.

கடைசியில் சிவகரனின் குரல் கேட்டது. அவன் வாசித்தான். "கூட்டத்துக்கு என்ன சாப்பாடு? ஆடு எண்டால் இப்பவே வெளிக்கிடுறம். கோழி எண்டால் வாழ்த்து மட்டும்." பிறகு அவன் போனில் கேட்பது கேட்டது. "ஓம்... ஓம்... 'வாழ்த்து மட்டும்', அதோட முடிஞ்சுதா? சரி. கோழிதான் அண்ணை, குறை நினையாதேங்கோ."

கதவு திறந்தது. சிவகரன்தான். "உள்ள வாங்கோ அக்கா" என்றான். "விதியில 'காதால' எண்டதை வெட்டியாச்சு. கை தூக்கச் சொன்னம், எல்லாரும் தூக்கீட்டினம். முத்துலிங்கம் அண்ணை இரண்டு கையையும் தூக்கினவர்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பதாகைக்கு அவசரம் இல்ல" என்றான்.

உள்ளே முத்துலிங்கம் பக்கத்துக் கதிரையில், பூ வேலைக்காரியின் இடத்தில் இருந்தார். வளையம் அவருடைய மடியில். இரண்டு விரலையும் அதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பழகிக்கொண்டிருந்தார். தனக்குச் சொந்தமாக ஒன்று செய்து தர வேண்டும், லைட் தேவையில்லை என்று ராஜினியிடம் சொன்னார். பிறகு பதிவேட்டைத் திறந்து, புது வரிக்கு நேரே அடிமட்டத்தை வைத்து, தன் சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்து தர்மிளாவிடம் நீட்டினார்.

தர்மிளா அவசரப்படவில்லை. அனுப்பியவர், நேரம், சொற்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதினாள். பதினொரு சொல். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது பேனையை ஒருதரம் உதறினாள். மேசைக்குக் கீழே அவளுடைய கால் அக்காவின் காலைத் தேடிப் பிடித்து, பார்த்துக்கொண்டிரு என்று அமுக்கியது. 'சு. தர்மிளா' என்று எழுதி, முத்துலிங்கம் போடுவதைப் போலவே கீழே ஒரு சுழிப்பும் போட்டாள். கட்டத்துக்கு வெளியே ஒரு நூலும் போகவில்லை.

2023ஆம் ஆண்டு மார்கழி மாதம் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.